நீங்க கேட்டது: பர்மாவை விட்டு வந்த ஜெனரல்

பீச் ஸ்டேஷன் பக்கத்து அத்தோ கடைகளைப் பற்றிப் போன இதழில் எழுதியபோது, "ஜெனரல் ஸ்லிம்மின் படை பின்வாங்கிய அதே பாதையில்தான் பர்மா தமிழர்களும் நடந்தார்கள்" என்று ஒரு வரி வந்துவிட்டது. அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு கடிதங்கள் குவிந்துவிட்டன. சரி, இந்த முறை முழுக்க அவரே. வழக்கம்போல ஊர்ப்பெயர் மட்டும் போடுகிறேன், ஆள்பெயர் வேண்டாம்.

ராயபுரம் வாசகர்: இரண்டாம் உலகப்போர் என்றால் மாண்ட்கோமரி தெரியும், ரோம்மல் தெரியும். யார் சார் இந்த ஸ்லிம்? ஏதாவது லார்டு வீட்டுப் பிள்ளையா?

லார்டு வீடெல்லாம் இல்லை. வில்லியம் ஸ்லிம் 1891-ல் பிரிஸ்டலில் பிறந்தவர். அப்பாவுக்கு இரும்புச் சாமான் வியாபாரம், அது நொடித்துப்போனது. பையன் பர்மிங்காமில் வளர்ந்து, கொஞ்ச நாள் ஆரம்பப் பள்ளியில் வாத்தியார், அப்புறம் இரும்புக் குழாய் கம்பெனி ஒன்றில் குமாஸ்தா. அந்தக் காலத்துப் பிரிட்டிஷ் ராணுவத்தில் அதிகாரியாக இருக்க வேண்டுமென்றால் வீட்டிலிருந்து பணம் வர வேண்டும், சம்பளத்தை நம்பி மெஸ் செலவைக்கூடச் சமாளிக்க முடியாது. இவரோ பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் படிக்காமலே அங்கிருந்த ராணுவப் பயிற்சிப் பிரிவில் எப்படியோ நுழைந்துகொண்டவர். 1914 ஆகஸ்டில் போர் மூண்டு அதிகாரிகளுக்குத் தட்டுப்பாடு வந்ததால்தான் தோளில் நட்சத்திரம் ஏறியது. கலிப்போலியில் பலத்த காயம், மெசபடோமியாவில் மறுபடியும் காயம், ஒரு மிலிட்டரி கிராஸ் பதக்கம்.

போர் முடிந்ததும் இந்திய ராணுவத்துக்கு மாறி கூர்க்கா படைப்பிரிவில் சேர்ந்தார். இங்கே சம்பளத்தை வைத்தே குடும்பம் நடத்தலாம் என்பதும் அதற்கு ஒரு காரணம். அப்படியும் கையைக் கடித்ததால், ஆன்தனி மில்ஸ் என்ற புனைபெயரில் பத்திரிகைகளுக்குக் கதை எழுதிச் சம்பாதித்திருக்கிறார். (நம்ம ஜாதி!) 1940-ல் சூடான் எல்லையில் ஒரு பிரிகேடை நடத்தி கல்லாபாத் கோட்டையைப் பிடித்தார், ஆனால் அதற்கு அடுத்த மெடெம்மாவைப் பிடிக்க முடியாமல் பின்வாங்கினார். எரித்ரியாவில் விமானத் தாக்குதலில் காயம். 1941-ல் இராக், சிரியா, ஈரான். 1942 மார்ச்சில், 50 வயதில், பர்மாவுக்கு அனுப்பப்பட்டபோது லண்டனில் கூட அவர் பெயர் பலருக்குத் தெரியாது.

பிறகும் தெரியவில்லை என்பது வேறு கதை. 1945 மே 3-ம் தேதி ரங்கூன் திரும்பக் கைக்கு வந்தது, மே 8-ம் தேதி ஜெர்மனி சரணடைந்த கொண்டாட்டம். லண்டன் தெருவில் ஆடிக்கொண்டிருந்தவனுக்கு ரங்கூன் எங்கே ஞாபகம் இருக்கும்.

வியாசர்பாடி வாசகி: எங்க ஆயா குடும்பம் 1942-ல் ரங்கூனிலிருந்து நடந்தே வந்தது. வழியில் ஒரு குழந்தையைப் பறிகொடுத்தார்கள். "பட்டாளத்துக்காரன்லாம் எங்க போனான்?" என்று ஆயா கடைசி வரைக்கும் கேட்டுக்கொண்டே இருந்தது. உங்க ஜெனரல் அப்போது என்ன செய்துகொண்டிருந்தார்?

அவரும் ஓடிவந்துகொண்டிருந்தார் அம்மா, உங்க ஆயாவுக்குக் கொஞ்சம் பின்னால்.

ரங்கூனை மார்ச் 7-ம் தேதி கைவிட்டார்கள், மறுநாள் ஜப்பான்காரர்கள் உள்ளே வந்தார்கள். ஸ்லிம் போய்ச் சேர்ந்தது அதற்கும் பிறகு. கையில் கிடைத்தது ஏற்கெனவே அடிவாங்கி நைந்த இரண்டு டிவிஷன். மாக்வே விமான தளத்தை ஜப்பானிய விமானங்கள் நொறுக்கியபின் தலைக்கு மேல் துணைக்கு ஒரு விமானம்கூட இல்லை. ஏப்ரலில் ஏனாஞ்சாங் எண்ணெய்க் கிணறுகளை அவரே கொளுத்தச் சொன்னார். அந்த மாதக் கடைசியில் மாண்டலேயையும் கைவிட்டார்கள். சிந்த்வின் ஆற்றைக் கடக்கும்போது மிச்சமிருந்த டாங்கிகளில் ஏறக்குறைய எல்லாவற்றையும் கரையிலேயே அழித்துவிட்டு, மே மாத நடுவில் கொட்டுகிற மழையில் இம்பால் வந்து சேர்ந்தார்கள். கிட்டத்தட்ட 900 மைல். பிரிட்டிஷ் ராணுவம் இவ்வளவு தூரம் பின்வாங்கியது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. கடைசியாக வந்த பிரிவுகளை ஸ்லிம் ரோட்டோரம் நின்று பார்த்திருக்கிறார். துணி கந்தல், தாடி, காய்ச்சல், ஆனால் ஒவ்வொருவன் கையிலும் ஆயுதம் இருந்தது, அவரவர் பிரிவோடு வரிசையாக வந்தார்கள். அவர் பெருமைப்பட்டது அதற்குத்தான்.

உங்க ஆயா கேட்டதற்கு இது பதில் ஆகாது, தெரியும். அந்த ஆண்டு பர்மாவை விட்டு வெளியேறிய இந்தியர்கள் ஏறத்தாழ 5 லட்சம். டிக்கெட்டுக்குக் காசு இருந்தவர்கள் முதல் இரண்டு மாதத்தில் கப்பலேறி மெட்ராஸ் துறைமுகத்திலும் கல்கத்தாவிலும் இறங்கினார்கள். இல்லாதவர்கள் மலையேறினார்கள். தாமு, பாலேல் வழியாக இம்பால், அங்கிருந்து திமாபூர். காலராவும் பசியும் எத்தனை ஆயிரம் பேரை வாரிக்கொண்டு போனது என்று ஒழுங்கான கணக்கே கிடையாது. வெள்ளைக்காரர்களுக்கு நல்ல பாதை, நம்மவர்களுக்குக் கெட்ட பாதை என்று பிரித்துவிட்டார்கள் என்ற புகார் அப்போதே எழுந்து, இந்தியாவில் பெரிய ரகளை ஆனது. சட்டப்படி பார்த்தால் அகதிகளைக் கவனிப்பது பர்மா அரசாங்கத்தின் வேலை, ஸ்லிம்மின் வேலை இல்லை. அந்த அரசாங்கம் ராணுவத்துக்கு முன்னாலேயே கலைந்துவிட்டது. படை குலையாமல் வந்ததைப் பெரிய சாதனை என்று நானும் நினைக்கிறேன், ஆனால் அந்தச் சாதனையில் உங்க ஆயாவுக்கு ஒரு குடம் தண்ணீர்கூடக் கிடைக்கவில்லை.

இன்னொன்று. அந்த தாமுவுக்கு நேர் எதிரே, இந்தியப் பக்கம், மணிப்பூரின் மோரே இருக்கிறது. 1960-களில் பர்மாவிலிருந்து துரத்தப்பட்ட தமிழர்களில் சிலர் இங்கே பிழைக்க முடியாமல், திரும்ப பர்மாவுக்கே போய்விடலாம் என்று நடந்து, எல்லையில் தடுக்கப்பட்டு அங்கேயே தங்கிவிட்டார்கள். தமிழ்ச் சங்கம் இருக்கிறது, அங்காள பரமேஸ்வரி கோயிலும் இருக்கிறது. உங்க தெருவில் விசாரித்துப் பாருங்கள், மோரேயில் சொந்தம் இருக்கிற வீடு ஒன்றாவது கிடைக்கும்.

பாரிமுனை வாசகர்: அந்தச் சமயத்தில் நம்ம ஊர் எப்படி இருந்தது?

காலியாக இருந்தது. 1942 ஏப்ரல் 5-ல் கொழும்பு மீது குண்டு, 6-ல் விசாகப்பட்டினம், காக்கிநாடா. அடுத்தது மெட்ராஸ்தான் என்று பீதி கிளம்பி ஜனங்கள் மூட்டை முடிச்சோடு உள்நாட்டுப் பக்கம் ஓட, அரசாங்க அலுவலகங்களையும் வெளியூர்களுக்கு மாற்றினார்கள். குண்டு விழுந்தால் தப்பித்து ஊருக்குள் வந்துவிடும் என்று, சென்ட்ரல் பக்கத்து மிருகக்காட்சி சாலையில் இருந்த சிங்கம் புலியைச் சுட்டுக் கொன்றார்கள். கடைசியில் ஜப்பான்காரன் வரவில்லை. 1943 அக்டோபரில் ஒரே ஒரு விமானம் வந்து துறைமுகப் பக்கம் குண்டு போட்டுவிட்டுப் போனதோடு சரி.

திருவொற்றியூர், கல்லூரி மாணவர்: இவ்வளவு தோற்றவரை ஏன் சார் வேலையை விட்டுத் தூக்கவில்லை?

தூக்கப் பார்த்தார்கள் தம்பி, இரண்டு தடவை. இந்தக் கதை கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டியது.

கல்லாபாத்தில் எஸ்ஸெக்ஸ் ரெஜிமெண்டின் பட்டாலியன் ஒன்று கலைந்து ஓடியது. அதன் தளபதியை ஸ்லிம் பதவியிலிருந்து எடுத்தார். 1942 மே மாதம், உடம்பெல்லாம் சேறும் களைப்புமாக இம்பால் வந்து சேர்ந்தால், அங்கே மேலதிகாரியாக உட்கார்ந்திருந்தவர் அதே எஸ்ஸெக்ஸ் ரெஜிமெண்டில் வளர்ந்த நோயல் இர்வின். பதவி போன தளபதி இவருடைய நண்பர். எடுத்தவுடன் எரிந்து விழுந்தார். "நான் யாருக்குக் கீழே வேலைசெய்யப்போகிறேனோ அந்த அதிகாரி என்னிடம் இவ்வளவு மரியாதைக் குறைவாகப் பேசுவார் என்று நினைக்கவில்லை" என்று ஸ்லிம் சொல்ல, இர்வின் கொடுத்த பதில்: "நான் மரியாதைக் குறைவாகப் பேசவே முடியாது. நான் சீனியர்." இந்தப் பதிலைக் கேட்காத அலுவலகம் உலகத்தில் எங்கேயும் இருக்காது என்று நினைக்கிறேன்.

1943-ல் பர்மாவின் மேற்குக் கடலோரமான அரக்கானில் இர்வின் திட்டமிட்ட தாக்குதல் படுதோல்வி. கடைசி நேரத்தில் ஸ்லிம்மை உள்ளே தள்ளிவிட்டு, பழியை அவர் தலையில் கட்டி வெளியேற்ற ஏற்பாடு நடந்தது. ஸ்லிம்மும் பெட்டி கட்டும் மனநிலைக்கு வந்துவிட்டார். அப்போது இர்வினிடமிருந்து தகவல் வந்தது: பதவி போனது உனக்கில்லை, எனக்கு. அன்றைக்கு ஸ்லிம் ஒரு பாட்டில் போர்ட் ஒயின் திறந்தாராம்.

இரண்டாவது தடவை இன்னும் மோசம். 1945 மே, ரங்கூனைப் பிடித்து சில நாள்கூட ஆகவில்லை. புது மேலதிகாரி ஆலிவர் லீஸ் விமானத்தில் வந்து இறங்கி, உங்களிடமிருந்து 14-வது படையை (பர்மாவில் ஸ்லிம் நடத்திவந்த படை) எடுக்கிறேன், பர்மாவில் மிச்சமிருக்கிற துடைப்பு வேலைக்கு ஒரு சின்னப் படை அமைக்கிறோம், அதை நடத்துங்கள் என்றார். ஸ்லிம் சத்தம் போடவில்லை. அதைவிட ஓய்வு பெற்றுக்கொள்கிறேன் என்றார். சேதி படைக்குள் பரவியதும் அதிகாரிகள் கொதித்துப்போனார்கள், லண்டனில் ராணுவத் தலைமைத் தளபதி ஆலன்புரூக் கேள்வி கேட்டார். முடிவு? ஜூலையில் லீஸ் வீட்டுக்குப் போனார், அவர் நாற்காலி ஸ்லிம்முக்கு வந்தது.

தண்டையார்பேட்டை, ஓய்வுபெற்ற நர்ஸ்: போர்க் கதை எழுதுகிறவர்கள் காய்ச்சலைப் பற்றி எழுதுவதே இல்லை. பர்மா காட்டில் மலேரியா இல்லையா?

சிஸ்டர், நீங்கள் கேட்டதுதான் விஷயமே. ஜப்பானியர்களைவிட கொசுதான் அந்தப் படையை அதிகம் சாய்த்தது. 1943-ல் குண்டடி பட்டு பின்னால் அனுப்பப்பட்ட ஒவ்வொருவனுக்கும் 120 பேர் நோயால் அனுப்பப்பட்டார்கள். மலேரியா மட்டுமே ஆண்டுக்கு நூற்றுக்கு 84 பேர் என்ற விகிதம். அப்புறம் வயிற்றுக்கடுப்பு, உண்ணிக் காய்ச்சல். காய்ச்சல் வந்தவனை இந்தியாவுக்கு அனுப்பினால் திரும்பி வர மாதக்கணக்கில் ஆகும். ஸ்லிம் கணக்குப் போட்டுப் பார்த்தார், இப்படியே போனால் சண்டையே போடாமல் படை கரைந்துவிடும்.

முதல் வேலையாக, போர்முனைக்குச் சில மைல் பின்னாலேயே கூடாரம் போட்டு மலேரியா சிகிச்சை மையங்கள். காய்ச்சல்காரன் இந்தியா போகாமலே சில வாரத்தில் தன் பிரிவுக்குத் திரும்பினான். படுகாயக்காரர்களை விமானத்தில் தூக்கினார்கள். கடைசியாக, மலேரியா வராமல் தடுக்கும் மெபாக்ரின் மாத்திரை, தினமும். அதைத் தின்றால் தோல் மஞ்சளாகும், அது உண்மை. ஆண்மை போய்விடும் என்ற வதந்தி வேறு, அதனால் பையன்கள் வாயில் போட்டுக்கொண்டு அந்தப் பக்கம் துப்பினார்கள். வார்டில் நீங்கள் பார்க்காததா! ஸ்லிம் திடீர் சோதனை வைத்தார். ஒரு பிரிவில் எல்லோரையும் நிறுத்திச் சோதித்துப் பார்ப்பது, நூற்றுக்கு 95 பேருக்குக் கீழே மருந்து தெரிந்தால் சிப்பாயை ஒன்றும் சொல்லாமல் நேராக அந்தப் பிரிவின் தளபதியின் பதவியைப் பறிப்பது. மூன்று பேரின் பதவி போனதும் மற்றவர்களுக்குப் புரிந்துவிட்டது. 1945-ல் நோயாளிகள் நாளொன்றுக்கு ஆயிரத்துக்கு ஒருவர் என்ற அளவுக்கு இறங்கிவிட்டார்கள்.

ஸ்லிம்மின் திறமை எங்கே இருந்தது என்று என்னைக் கேட்டால் 1944 இம்பால் வெற்றியைவிட முதலில் இந்த மாத்திரையைத்தான் சொல்வேன். சாப்பாட்டு விஷயத்திலும் அப்படித்தான். முன்னணியில் ஏதாவது ஒரு பிரிவுக்கு அரை ரேஷன் என்றால், தலைமையகத்தில் உட்கார்ந்திருக்கிற அத்தனை பேருக்கும் அரை ரேஷன். வயிறு காய்ந்தால் ஆபீஸ்காரன் சீக்கிரம் லாரி அனுப்புவான்.

காசிமேடு, படகு கட்டும் தொழிலாளி: ஐராவதி பெரிய ஆறு என்கிறார்கள். அத்தனை ஆளும் டாங்கியும் எதில் கடந்தார்கள்? படகு யார் கொடுத்தது?

யாரும் கொடுக்கவில்லை அண்ணே, கட்டினார்கள். நல்ல தளவாடமெல்லாம் ஐரோப்பாவுக்குப் போய்விடும், இவர்களுக்கு மிஞ்சியதுதான் வரும். சிந்த்வின் கரையில் கலேவா என்ற இடத்தில் கப்பல் கட்டும் தளமே போட்டுவிட்டார்கள். பர்மா தேக்குதான் சுற்றிலும் நிற்கிறதே, யானைகளை வைத்து மரம் இழுத்து, 500-க்கும் மேல் படகுகள். அதே இடத்தில் 1,154 அடி நீளத்துக்கு ஒரு பெய்லி பாலம் (இரும்புத் துண்டுகளைக் கோத்துப் பூட்டுகிற பாலம்), அன்றைக்கு உலகத்திலேயே நீளமானது. சின்ன பீரங்கிப் படகு இரண்டும் அங்கேயே செய்து, ஒன்றுக்கு மேலிடத் தளபதி மவுண்ட்பேட்டனின் மகள் பெயர் பமீலா, இன்னொன்றுக்குத் தன் மகள் பெயர் ஊனா என்று ஸ்லிம்மே வைத்துத் தண்ணீரில் இறக்கினார். கடற்படைக் கப்பலுக்குப் பெயர் வைக்க நீ யார் என்று லண்டனில் கடற்படைத் தலைமையகம் கோபித்துக்கொண்டது!

பாராசூட்டும் இதே கதைதான். சாமான் போட பட்டுப் பாராசூட் கிடைக்காது என்று ஆனதும், கல்கத்தா சணல் மில்காரர்களைப் பிடித்து சணலில் பாராசூட் செய்யச் சொன்னார். பட்டு என்றால் ஒன்று 20 பவுண்டுக்கு மேல், சணல் 1 பவுண்டு சொச்சம். ஆளைத் தொங்கவிட ஆகாது, அரிசி மூட்டைக்கு ஆகும். இதற்கும் பாராட்டு வரவில்லை, முறையான வழியில் கேட்டு வாங்கவில்லை என்று மேலிடத்திலிருந்து திட்டுதான் வந்தது.

கடந்த விதம்தான் அழகு. ஆறு சில இடத்தில் ஒரு மைலுக்கு மேல் அகலம். மாண்டலே பக்கம் ஒரு 'கோர்' (சில டிவிஷன்கள் சேர்ந்த படை) விட்டு ஆரவாரமாக ஆற்றைக் கடக்கச் சொன்னார், ஜப்பானியத் தளபதி கிமுரா படையின் பெரும்பகுதியை அங்கே குவித்தார். இன்னொரு கோர், மேற்கே ஒரு காட்டுப் பள்ளத்தாக்கு வழியாக ரேடியோவை மூடிக்கொண்டு தெற்கே நடந்தது. அது பழைய இடத்திலேயே இருப்பதுபோல் ஒரு பொய்த் தலைமையகம் தாமுவில் உட்கார்ந்து வயர்லெஸ்ஸில் பேசிக்கொண்டே இருந்தது. 1945 பிப்ரவரி நடுவில் நியாங்கூ பக்கம் ஆற்றைக் கடந்த அந்தக் கோர், மார்ச் முதல் வாரத்துக்குள் மெய்க்திலாவைப் பிடித்துவிட்டது. ஜப்பானியர்களின் கிடங்கு, விமான தளம், ரயில், எல்லாம் அங்கேதான். கழுத்தில் கை வைத்த மாதிரி. மார்ச் 20-ல் மாண்டலேயும் விழுந்தது.

இந்தப் பாலம், தெப்பம், ரோடு வேலைகளில் மெட்ராஸ் சாப்பர்கள் (ராணுவப் பொறியியல் பிரிவினர்) நிறைய. "மதராஸிக்குச் சண்டை வராது" என்று சொல்லி 1920-களில் மெட்ராஸ் ரெஜிமெண்டைக் கலைத்த அதே சர்க்கார், 1941-ல் ஆள் போதாமல் அதைத் திரும்ப எழுப்பியது.

பெரம்பூர் வாசகர்: என் தாத்தா மலேயாவில் நேதாஜி படையில் சேர்ந்தவர். ஆங்கிலேய ஜெனரலை இப்படிப் புகழ்வது எனக்குப் பிடிக்கவில்லை.

பிடிக்கவேண்டிய அவசியமே இல்லை. 1944-ல் இம்பாலை நோக்கி வந்த ஜப்பானியத் தளபதி முடகுச்சியின் படையோடு நேதாஜியின் ஐ.என்.ஏ.வும் (இந்திய தேசிய ராணுவம்) வந்தது. அதில் மலேயாத் தோட்டத் தமிழர்கள் ஏராளம். அவர்களில் பலர் விழுந்தது குண்டில் இல்லை, பட்டினியிலும் நோயிலும். மூன்று வாரத்துச் சாப்பாட்டோடு இம்பாலைப் பிடித்துவிடலாம் என்று முடகுச்சி போட்ட கணக்குக்கு, ஜப்பானியச் சிப்பாய்களோடு சேர்த்து நம்மவர்களும் பலியானார்கள். ஸ்லிம் ஐ.என்.ஏ.வைப் பற்றி மதிப்பாக எழுதவில்லை, அவர் எங்கே நின்று பார்த்தாரோ அங்கிருந்து அப்படித்தான் தெரிந்திருக்கும். ஆனால் அவரே இன்னொன்றையும் எழுதியிருக்கிறார்: சரணடைய வந்த ஐ.என்.ஏ.காரர்களைத் தன் இந்திய, கூர்க்கா சிப்பாய்கள் சட்டென்று ஏற்றுக்கொள்ளவில்லை என்பதால், அவர்களைக் கொஞ்சம் நல்லபடி வரவேற்கச் சொல்லி உத்தரவு போட வேண்டியிருந்ததாம். ஒரே மாகாணத்து ஆள்கள் இரண்டு பக்கமும் துப்பாக்கியோடு, நடுவில் இந்த உத்தரவு. உங்க தாத்தா ஏதாவது சொல்லியிருந்தால் எழுதி அனுப்புங்கள், முழுப்பக்கம் தருகிறேன்.

கொருக்குப்பேட்டை வாசகர்: அவர் தப்பே செய்யவில்லையா?

செய்தார். இம்பாலில் 17-வது டிவிஷனைப் பின்னால் வரச்சொல்லும் உத்தரவு தாமதமானது, அது வழியில் மாட்டிக்கொண்டு சண்டை போட்டுத்தான் வெளியே வந்தது. கொஹிமாவுக்கு ஒரு ரெஜிமெண்ட் வரும் என்று கணித்தார், வந்தது ஜப்பானியத் தளபதி சாதோவின் முழு டிவிஷன். அங்கே காவலுக்கு இருந்தது அதில் ஒரு சின்னப் பங்குதான், மாவட்ட அதிகாரி பங்களாவின் டென்னிஸ் மைதானத்தின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று அடித்துக்கொண்டார்கள். இரண்டும் என் தவறு என்று ஸ்லிம் தன் நினைவுக் குறிப்பில் ஒப்புக்கொண்டிருக்கிறார். சாதோ பசி தாங்காமல் மேலிட உத்தரவை மீறித் திரும்பிப் போனார்.

எண்ணூர் வாசகி: போருக்குப் பிறகு?

1948-ல் பிரிட்டிஷ் ராணுவத்தின் தலைமைப் பதவி. இந்திய ராணுவத்திலிருந்து வந்த ஒருவருக்கு அது கிடைத்தது அதுதான் முதல் தடவை. அடுத்த வருஷம் ஃபீல்டு மார்ஷல், 1953 முதல் 1960 வரை ஆஸ்திரேலியாவின் கவர்னர் ஜெனரல். 1970 டிசம்பரில் இறந்தார். லண்டன் ஒயிட்ஹாலில் அவருக்குச் சிலை வைத்தது 1990-ல்.